கிளினிக் சாவி

தீவுக்குக் குடிபோகச் சம்மதிப்பதற்கு முன்னால் அவள் கேட்டது இரண்டே கேள்விகள்தான். அங்கே நர்ஸ் இருக்கிறாரா, மூச்சிரைப்புக்கு வைக்கிற மிஷின் இருக்கிறதா. இரண்டுக்கும் அவள் கணவன் "இருக்கு" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். அப்போதே அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். தலையைத் தூக்காமல் அவன் சொன்ன எதுவும் இத்தனை வருஷக் கல்யாண வாழ்க்கையில் முழு உண்மையாக இருந்ததில்லை.

கேள்விக்குக் காரணம் நடுவில் பிறந்தவள். மூன்று பிள்ளைகளில் அவளுக்கு மட்டும் நெஞ்சு பலவீனம். தூசி பட்டால், புகை பட்டால், சில நாள் எதுவுமே படாவிட்டாலும் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிடும். அப்போது நெஞ்சுக்குள்ளிருந்து குறுகுறுவென்று ஒரு சத்தம் வரும். அதனால் வீட்டில் அவளுக்குப் புறா என்று பேர். பேர் வைத்தது அப்பா. பட்டப்பேர் வைப்பதற்கெல்லாம் ஆள் முதல் வரிசையில் நிற்பான்.

அம்மாவும் ஒரு காலத்தில் நர்ஸாக இருந்தவள்தான். பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகள் வார்டு, பெரும்பாலும் இரவு டியூட்டி. ஒருநாள் காலையில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது புறா உதடெல்லாம் நீலம் பாரித்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பாயில் அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அம்மா வந்துவிடுவாள் என்று அந்தக் குழந்தை அப்பாவை எழுப்பக்கூட இல்லையாம். யார் யார் பிள்ளைகளுக்கோ விடிய விடிய மூச்சை எண்ணிவிட்டு வந்தவளுக்குத் தன் பிள்ளையின் மூச்சை எண்ண ஆள் இல்லாமல் போயிருந்தது. அந்த வாரமே வேலையை விட்டாள். இனி வெள்ளை உடுப்பு வேண்டாம், மூன்று பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தால் போதும் என்று முடிவெடுத்தாள். அது சும்மா எடுத்த முடிவு இல்லை. அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது.

பிறகு அவன் மெக்கானிக்காக இருந்த ஆலையை மூடினார்கள். அவன் எங்கெங்கோ போன் செய்து, கடைசியில் தீவில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருப்பதாக வந்து சொன்னான். வாடகை இல்லாத வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், தூசி இல்லாத கடல் காற்று. டாக்டரும் ஊர்த் தூசியை விட்டுத் தள்ளி இருங்கள் என்று சொல்லியிருந்தார். அவள் கேள்வி கேட்டாள், அவன் இருக்கு என்றான். அவர்கள் வீட்டிலிருந்த மிஷினைக்கூட அவளுடைய அக்கா வீட்டில் விட்டுவிட்டு வரச் சொன்னான். அங்கே புத்தம் புதுசு இருக்கிறதாம், எதுக்கு ரெண்டு என்றான். அதையும் நம்பினாள். இப்படியும் ஒருத்தி நம்புவாளா என்று இப்போது நினைத்தால் அவளுக்கே தன் கன்னத்தில் ஒன்று போடலாம் போலிருந்தது.

மாதம் ஒரு முறை போகும் படகில் போய் இறங்கினார்கள். தீவு என்றால் அப்படி ஒரு தீவு. ஒரு முனையில் பிள்ளை அழுதால் மறு முனையில் தாய்க்குப் பால் சுரக்கும், அவ்வளவுதான் அகலம். படகுத்துறையில் மொத்த ஜனமும் கூடி நின்றது. புதுசாக யாராவது வந்தால் வேடிக்கை பார்க்க வருவார்கள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள். கூட்டத்தில் ஒரு பெரியவர் காலில் கட்டோடு நின்றார். ஓர் அம்மாள் கையில் இருமுகிற குழந்தை. ஓரமாக நிறைமாதத்தை நெருங்கும் வயிற்றோடு ஓர் இளம்பெண், அவள்தான் பள்ளிக்கூட டீச்சர் என்று யாரோ சொன்னார்கள். எல்லோரும் மெக்கானிக்கை விட்டுவிட்டு இவளையே பார்த்துச் சிரித்தார்கள்.

துறையை ஒட்டி ஒரு சின்ன ஆபீஸ். அதில் துறைக்காரர் என்று ஒருவர். தீவின் நல்லது கெட்டது எல்லாம் அவர் கையில். அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு பலகை, அதில் நான்கு கொக்கிகள். கலங்கரை விளக்கு, ஜெனரேட்டர், பள்ளிக்கூடம், கிளினிக். பொறுப்புக்கு ஆள் இல்லாத இடத்துச் சாவி அதனதன் கொக்கியில் தொங்கும். சாவியை எல்லோர் முன்னாலும் யார் எடுக்கிறாரோ அவர்தான் அந்த வேலைக்குப் பொறுப்பு. காகிதம், கையெழுத்து எதுவும் கிடையாது. அப்படி எடுத்தவரை, சாவி வேறொருவர் கைக்கு மாறும் வரை, படகில் ஏற்றுவதும் கிடையாது. முன்னொரு காலத்தில் விளக்குக்காரர் சொல்லாமல் கொள்ளாமல் படகேறிப் போய், விளக்கு எரியாமல், நான்கு தோணிகள் பாறையில் மோதினவாம். அன்றிலிருந்து இதுதான் சட்டம். துறைக்காரர் இதை ஏதோ தன் சொந்தச் சாதனை மாதிரி விவரித்தார்.

மெக்கானிக் ஜெனரேட்டர் சாவியை எடுத்தான். ஜனம் கை தட்டியது. கடைக்குட்டிக்குக் கை தட்டல் மிகவும் பிடித்துவிட்டது, அவனும் தட்டினான். பிறகு துறைக்காரர் கிளினிக் கொக்கியைக் காட்டி, வாய் நிறையச் சிரித்து, "எடுங்க நர்ஸம்மா" என்றார்.

அவள் திரும்பிப் பின்னால் பார்த்தாள். நர்ஸ் பின்னால் நிற்கிறார் போலிருக்கிறது, வழி விடலாம் என்று ஒதுங்கினாள். பின்னால் கடல்தான் இருந்தது. திரும்பவும் முன்னால் பார்த்தாள். ஜனம் மொத்தமும் கைகளைத் தட்டத் தயாராக வைத்துக்கொண்டு நின்றது. கணவனைப் பார்த்தாள். அவன் ஜெனரேட்டர் சாவியில் ஏதோ துரு இருக்கிறதா என்று மிகவும் அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"நான் நர்ஸ் இல்ல" என்றாள். "இந்த மூணு பேருக்கும் அம்மா. அவ்வளவுதான்." சாவியைத் தொடாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். எந்தப் பக்கம் வீடு என்று தெரியாது. தெரியாத பக்கமே வேகமாக நடந்தாள்.

வீடு இரண்டு அறை, ஒரு சமையலறை, ஜன்னலைத் திறந்தால் கிளினிக். அதுவும் திட்டமிட்ட ஏற்பாடுதான். பெட்டியைப் பிரிக்காமலே அவனை நிற்க வைத்துக் கேட்டாள். அவன் சொன்ன பதில் இருக்கிறதே, அதை அவள் சாகிற வரைக்கும் மறக்கமாட்டாள்.

"நான் பொய் சொல்லலையே. நர்ஸ் இருக்காங்களான்னு கேட்ட. இருக்காங்கன்னு சொன்னேன். நீ இங்கதானே இருக்கப்போற."

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. மெதுவாக மற்றதெல்லாம் வெளியே வந்தது. மெக்கானிக்குகள் நிறையப் பேர் அந்த வேலைக்குக் கேட்டிருந்தார்களாம். மனைவி நர்ஸ் என்று இவன் சொன்னதும் போனின் அந்தப் பக்கத்தில் குரலே மாறிவிட்டதாம். வேலை இவனுக்குக் கிடைத்தது இவன் கைத்திறமைக்காக இல்லை, இவள் படித்த படிப்புக்காக. சமயம் பார்த்துச் சொல்லலாம் என்றிருந்தானாம். வீட்டைக் காலி பண்ணி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து எடுத்து, மிஷினை அக்கா வீட்டில் விட்டு, கடல் தாண்டி வந்து இறங்கிய பிறகும் அவனுக்கு அந்தச் சமயம் வாய்க்கவில்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள்.

"கேட்டா நீ வேணாம்னு சொல்லிருவ."

அதைச் சொன்ன தோரணையைப் பார்த்தால் அவன் பக்கம்தான் நியாயம் இருக்கிற மாதிரி இருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்பதால்தான் கேட்கவில்லையாம்.

அதை விடப் பெரிய அடி அடுத்த நாள் விழுந்தது. மூத்தவள் துணி மடித்துக்கொண்டே, "அப்பா உன்கிட்ட சொல்லிட்டாராம்மா?" என்று கேட்டாள். மகளுக்கு முதலிலேயே தெரியும். அம்மாவுக்குத் திடீர் சந்தோஷம் கொடுக்கப்போகிறோம், சொல்லிவிடாதே என்று அப்பா சொல்லியிருக்கிறான். பன்னிரண்டு வயதுப் பெண்ணை அம்மாவுக்கு எதிராகக் கூட்டுச் சேர்த்திருக்கிறான். அந்தப் பெண் இத்தனை நாளும் அம்மா சந்தோஷப்படுவாள் என்று நாளை எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறாள். இவள் மகளைத் திட்டவும் முடியாமல், அவளுக்கு விளக்கவும் முடியாமல், மடித்த துணியையே திரும்ப மடித்தாள்.

அடுத்த படகில் ஊர் திரும்புவது, அக்கா வீட்டில் தங்குவது, பகல் வேலையாகப் பார்ப்பது, பிள்ளைகளைப் பழைய பள்ளிக்கூடத்திலேயே சேர்ப்பது என்று அவள் முடிவு செய்து அவனிடம் சொல்லியும் விட்டாள். அவன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரு மாதம் இருக்கிறதே, அதற்குள் மனசு மாறும் என்று நினைத்திருப்பான். படகு வரும் வரை கிளினிக் சாவியைத் தொடக்கூடாது என்பதில் மட்டும் அவள் உறுதியாக இருந்தாள். தொட்டால் மாட்டிக்கொள்வோம் என்று தெரியும்.

தீவு ஜனங்கள் சண்டைக்கு வந்திருந்தால்கூட அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர்கள் மரியாதை காட்டியே கழுத்தறுத்தார்கள். வாசலில் மீன் வைத்துவிட்டுப் போனார்கள். தண்ணீர்க் குடத்தை நிரப்பி வைத்தார்கள். நர்ஸம்மாவுக்குப் புது இடம், பழகக் கொஞ்சம் நாளாகும் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். அவள் வேண்டாம் என்று சொல்வதை ஒருவரும் வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளவில்லை. காலில் கட்டுப் போட்ட பெரியவர் தினமும் காலையில் அவள் சமையலறை ஜன்னலுக்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்து, வாயைத் திறக்காமல் காலை மட்டும் நீட்டி வைத்துக்கொள்வார். அழுக்குத் துணியில் கட்டு. நான்கு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். ஐந்தாம் நாள் ஜன்னல் வழியாகவே, துணியைக் கொதிக்க வைத்து உலர்த்திக் கட்டுங்கள், இந்தத் துணியோடு என் கண் முன்னால் வராதீர்கள் என்று கத்தினாள். பெரியவர் மறுநாள் வெள்ளை வெளேரென்ற கட்டோடு வந்து அதே கல்லில் அதே மாதிரி உட்கார்ந்தார்.

டீச்சர் ஒருத்திதான் அவளிடம் ஒன்றும் கேட்காதவள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடப் போகும்போது இரண்டு வார்த்தை பேசுவாள். மொத்தப் பள்ளிக்கூடமே ஒரே அறை, பன்னிரண்டு பெஞ்சு, ஒரு கரும்பலகை. ஒருநாள் டீச்சர் தானாகச் சொன்னாள். அவள் ஒரே ஒரு வருஷத்துக்கு என்று வந்தவளாம். மாற்று டீச்சர் வரவே இல்லை. சாவி அவள் கையிலேயே தங்கிவிட்டது. அப்பா செத்தபோதுகூடப் போக முடியவில்லை. பிறகு விளக்குக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். "அவர் நல்ல மனுஷன்தான் அக்கா. ஆனா அவரும் சாவி வச்சிருக்காரு. நாங்க ரெண்டு பேரும் சேர்ந்து எங்கயுமே போனதில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிக்கும்போது முகம் ஊதித் தெரிந்தது. கால் செருப்புக்கு மேல் பிதுங்கியிருந்தது. இவள் கண் அதை எல்லாம் பார்த்துவிட்டது. பார்க்காதே என்று சொன்னால் கேட்கிற கண் இல்லை அது.

படகு வர ஒரு வாரம் இருந்தது. நடுப்பகலில் மூத்தவள் தலைதெறிக்க ஓடி வந்தாள். கரையில் யாரோ உலர்ந்த கடற்பாசியைக் குவித்துக் கொளுத்தியிருக்கிறார்கள். காற்று புகையை நேராக வகுப்பறைக்குள் தள்ளிவிட்டது. புறாவுக்கு மூச்சு இழுக்கிறது. கையிலிருந்த இன்ஹேலரை அடித்தும் நிற்கவில்லை.

அவள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது புறா டீச்சரின் மடியில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போனது. குறுகுறுவென்ற சத்தம் குறைந்துகொண்டே வந்தது. தெரியாதவர்கள் சத்தம் குறைந்தால் நல்லது என்று நினைப்பார்கள். அவளுக்குத் தெரியும், சத்தம் குறைந்தால் காற்றே உள்ளே போகவில்லை என்று அர்த்தம். இன்ஹேலரை இன்னும் இரண்டு முறை அடித்துப் பார்த்தாள். மிஷின் வேண்டும். மிஷின் கிளினிக்கில். கிளினிக் பூட்டு. கரண்ட் சாயங்காலம்தான் வரும்.

மூத்தவளை ஜெனரேட்டர் கொட்டகைக்கு விரட்டினாள். அப்பாவிடம் இப்போதே ஓட்டச் சொல், காரணம் கேட்டால் புறா என்று மட்டும் சொல். பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு துறை ஆபீசுக்கு ஓடினாள். துறைக்காரர் நாற்காலியில் இருந்தார். வாசலில் வலை பின்னிக்கொண்டு நாலைந்து பேர். கொக்கியில் சாவி.

கை நீளும்போது அவளுக்குத் தெரியாமல் இல்லை. எல்லோரும் பார்க்கிறார்கள் என்பதும் தெரிந்தது, இதற்கு என்ன அர்த்தம் என்பதும் தெரிந்தது. தோளில் பிள்ளையின் நெஞ்சு மேலும் கீழும் அடித்தது. சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடினாள்.

மிஷின் புதுசுதான், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. அந்த ஒரு விஷயத்தில் அவன் பொய் சொல்லியிருக்கவில்லை. பல்லால் உறையைக் கிழித்தாள். மருந்தை ஊற்றினாள். சுவிட்சைப் போட்டுவிட்டு மேலே தொங்கிய பல்பையே பார்த்துக்கொண்டு நின்றாள். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாது. தூரத்தில் ஜெனரேட்டர் ஒரு முறை இருமியது, நின்றது, மறுபடி இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. பல்பு எரிந்தது. மிஷின் உறுமியது. புறாவின் மூக்கில் முகமூடியை வைத்து, முதுகைத் தடவி, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். போன சத்தம் திரும்பி வந்தது. குறுகுறு. அந்தச் சத்தத்துக்கு அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. பிறகு அதுவும் அடங்கி, பிள்ளை சாதாரணமாக மூச்சு விட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள்.

அப்போதுதான் வெளியே கை தட்டல் கேட்டது.

ஜன்னல் முழுக்க முகங்கள். அவர்கள் குழந்தை பிழைத்ததற்குத் தட்டவில்லை. சாவி எடுத்ததற்குத் தட்டினார்கள். துறைக்காரர் முன் வரிசையில் நின்று தட்டினார். டீசல் நாற்றத்தோடு, கையெல்லாம் கரியோடு ஓடி வந்த அவள் கணவன் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதான். அழுது முடித்ததும் சும்மா இருந்திருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாத்தியா, நர்ஸ் இருந்ததால ஆச்சு" என்றான். ஆறுதலாகச் சொல்கிறானாம். அன்று அவள் அவனை ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்று விட்டுவிட்டாள்.

சாவி கைக்கு வந்த பிறகு வருகிறவர்களைத் துரத்தவும் அவளால் முடியவில்லை. அந்த வாரம் முழுக்கக் கிளினிக்கைத் திறந்தாள். பெரியவர் காலைச் சுத்தம் செய்தாள். இருமுகிற குழந்தைக்கு மருந்து கொடுத்தாள். திட்டிக்கொண்டேதான் செய்தாள், ஆனால் கை பதமாகத்தான் வேலை பார்த்தது. டீச்சரை உட்கார வைத்து ரத்த அழுத்தம் பார்த்தாள். ஒரு முறைக்கு மூன்று முறை பார்த்தாள். ஏறி நின்ற அழுத்தம் குறைவேனா என்றது. துறைக்காரரிடம் போய், இந்தப் பெண்ணைத் தீவில் வைத்துப் பிரசவம் பார்க்க முடியாது, வருகிற படகில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்றாள்.

துறைக்காரர் பதறவில்லை. "அதான் நீங்க இருக்கீங்களே நர்ஸம்மா" என்றார். டீச்சர் போய்விட்டால் பள்ளிக்கூடத்தை யார் பார்ப்பது, சாவி அவள் கையில் அல்லவா இருக்கிறது என்றும் கேட்டார். ஒரு நர்ஸ் இருந்தால் ஒரு பெண்ணைச் சாகவிடலாம் என்று நினைக்கிறார்களா என்று அவள் கேட்டாள். கோபப்படாதீங்க என்றார். இந்தத் தீவில் இரண்டு பெண்கள் இரண்டு சாவிகளில் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், கோபம் மட்டும் கூடாதாம்.

படகு வந்தது. அவள் மூன்று பிள்ளைகளையும் கிளப்பி, டீச்சரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு துறைக்குப் போனாள். விளக்குக்காரர் மனைவியின் பையைத் தூக்கிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி பின்னால் வந்தார். சாவி வைத்திருப்பதால் அவர் கரையோடு நிற்க வேண்டியவர். படகுக்காரர் பிள்ளைகளை ஏற்றினார். இரண்டு பெண்களையும் பார்த்ததும் பலகைக்குக் குறுக்கே நின்றுகொண்டார். தப்பா நினைக்காதீங்க, சாவி கை மாறாம நான் ஏத்த முடியாது என்றார். ஜனம் கூடிவிட்டது.

அவள் சண்டை போடவில்லை. ஆபீசுக்குள் போனாள், கிளினிக் சாவியைக் கொக்கியில் மாட்டினாள். கூட்டத்தோடு வந்து நின்ற கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"எடுங்க" என்றாள்.

அவன் ஏதோ விளையாட்டு என்று நினைத்துச் சுற்றிலும் பார்த்தான். "எனக்கு என்ன தெரியும்? நான் நர்ஸா?"

"நான் மட்டும் என்ன கேட்டுக்கிட்டா எடுத்தேன்? இந்தத் தீவுக்கு நர்ஸ் தரேன்னு வாக்குக் குடுத்தது நீங்க. நான் குடுக்கல. வாக்குக் குடுத்தவங்க எடுங்க."

துறைக்காரர் குறுக்கே வந்தார். மெக்கானிக் எப்படி நர்ஸ் ஆக முடியும், அதெல்லாம் செல்லாது என்றார். அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சாவியை எடுத்தவர்தான் பொறுப்புன்னு நீங்கதானே சொன்னீங்க. எம் பிள்ளை மூச்சுக்காக எடுத்தேன், அதுக்கே நர்ஸ் ஆக்கிட்டீங்க. சம்மதம் கேக்காத சட்டம் படிப்பை மட்டும் எதுக்குக் கேக்குது?"

ஒருத்தருக்கு ஒரு சாவிதான் என்று சட்டத்தில் இருக்கிறதா என்று படகுக்காரரைக் கேட்டாள். படகுக்காரர் நேர்மையான மனிதர். தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்துவிட்டு, அப்படி ஒன்றும் இல்லை, கை மாறினால் போதும் என்றார்.

அவன் கொக்கியையே பார்த்தான். பிறகு படகில் உட்கார்ந்திருந்த புறாவைப் பார்த்தான். அவன் மனசில் என்ன ஓடியது என்று அவளுக்குத் தெரியாது. போய்ச் சாவியை எடுத்தான். ஒரு கையில் ஜெனரேட்டர், மறு கையில் கிளினிக். யாரும் தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று ஜனத்துக்கே தெரியவில்லை. படகிலிருந்து கடைக்குட்டி மட்டும் படபடவென்று கை தட்டினான். சாவி எடுத்தால் தட்ட வேண்டும் என்று அவனுக்கு இந்த ஊர்தானே சொல்லிக்கொடுத்திருந்தது.

அடுத்து டீச்சர் உள்ளே போனாள். பள்ளிக்கூடச் சாவியைக் கொக்கியில் மாட்டினாள். துறைக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் இருமினார், ஜன்னலைப் பார்த்தார், வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். டீச்சர் நகரவில்லை. கூட்டத்திலிருந்து முதலில் ஓர் அம்மாள், "எடுங்க" என்றார். பிறகு பெரியவர் சொன்னார். பிறகு பிள்ளைகள் சொன்னார்கள், அவர்களுக்குத்தான் குஷி அதிகம். துறைக்காரர் பாம்பைத் தொடுகிற மாதிரி இரண்டு விரலால் சாவியை எடுத்தார். கடைக்குட்டி மறுபடியும் தட்டினான். இந்தத் தடவை அவனோடு நிறையப் பேர் தட்டினார்கள்.

படகுக்காரர் பலகையை விட்டு விலகினார். விளக்குக்காரர் பையைப் படகில் வைத்துவிட்டு மனைவியின் கையை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டு நின்றார். பெரியவர் துறையிலிருந்த சிமென்ட் கட்டையில் போய் உட்கார்ந்து, காலை மெக்கானிக்குக்கு நேராக நீட்டினார். "நர்ஸய்யா, கட்டு மாத்தணும்" என்றார். அதில் நக்கல் எதுவும் இல்லை. சாவி யார் கையில் இருக்கிறதோ அவரிடம் கேட்கிறார், அவ்வளவுதான்.

"துணியைக் கொதிக்க வைங்க. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க, அந்தக் கரியோட தொடாதீங்க" என்று அவள் படகில் ஏறிக்கொண்டே கணவனிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்தபடியே கேட்டுக்கொண்டான். கயிறு அவிழ்ந்தது. படகுக்கும் துறைக்கும் நடுவே கொஞ்சம் தண்ணீர் தெரிந்தது. அவன் இரண்டு அடி முன்னால் வந்தான். தலையைத் தூக்கி அவளை நேராகப் பார்த்தான்.

"திரும்பி வருவியா?"

மூத்தவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். டீச்சர் வயிற்றில் கை வைத்துக்கொண்டு கடலைப் பார்ப்பது போல் இருந்தாள். புறா அம்மாவின் மடியில் சாய்ந்திருந்தாள். அவளுடைய மூச்சு சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது.

"இப்பத்தான் என்னைக் கேக்கறீங்க" என்றாள் அவள். "யோசிச்சுச் சொல்றேன்."